வடநெம்மேலி இருளர் பாம்புப் பண்ணை: பார்க்க வேண்டியதும் திருத்த வேண்டியதும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் இது பாம்புப் பண்ணைதான். முதலை பார்க்க வருகிறவர்களில் பலர் போகிற போக்கில் இங்கேயும் நுழைந்து, நல்ல பாம்பு படமெடுப்பதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் கொடுத்த காசுக்குப் பாதிகூடத் தேறாது. இங்கே நடப்பது ஒரு தொழில். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கே பாம்புகளை வைத்திருக்கும் மண் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. ஒரு பழங்குடியின் வேட்டைத் திறனைச் சட்டம் ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியும் கிடைக்கிற இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அந்த வகையில் இந்த இடத்தை மதிப்பிடுவது காட்சியை மட்டும் மதிப்பிடுவதாக முடியாது. காட்சிக்குப் பின்னால் இருக்கும், பாம்பு பிடிக்க அரசு தரும் உரிமத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதலில் பானைகளைக் கவனியுங்கள். அகன்ற மண் பானை, பாதியளவு மணல், வாயில் பருத்தித் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பார்க்க ஏதோ பழைய ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் யோசித்துச் செய்தது. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாவதால் கோடையிலும் உள்ளே சூடு அதிகம் ஏறாது. துணி வழியாகக் காற்று போய்வரும். இருட்டாக இருப்பதால் பாம்பு சுருண்டு அடங்கிக் கிடக்கும். இதே பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஆள் நடமாட்டத்தைக் கண்டு மிரண்டு, மூக்கை முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். புண்பட்ட பாம்பு சரியாக விஷம் தராது. விட்ட பிறகு பிழைப்பதும் சந்தேகம்.

சங்கம் பிடிப்பது நான்கே இனம்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். பாம்பு வந்ததும் இனம், நீளம், எடை, ஆணா பெண்ணா என்பது பதிவேட்டில் ஏறும். ஏறத்தாழ மூன்று வாரம் பானையில் இருக்கும். அந்த மூன்று வாரத்துக்குள் வாரத்துக்கு ஒரு முறை என்று நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். அதைவிட நெருக்கி எடுத்தால் விஷப்பை நிறைய நேரம் இருக்காது, அளவு குறையும், பாம்பும் தளர்ந்துபோகும். நான்காவது தடவை முடிந்ததும் வயிற்றுப்புறச் செதில்களில் சிறிதளவு கத்தரித்து அடையாளம் வைத்து, காட்டிலோ தரிசிலோ விட்டுவிடுவார்கள். பலமுறை சட்டை உரித்த பிறகுதான் அந்தச் செதில் பழையபடி வளரும். அதுவரை அந்தப் பாம்பு மறுபடி கையில் சிக்கினாலும் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்பது முறை. காட்சியின்போது எடுத்துச் சொல்கிறவரிடம் அந்தச் செதில் அடையாளத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வேட்டையும் பாதுகாப்பும் ஒரே உடம்பில் சந்திக்கும் இடம் அதுதான்.

இனி விஷம் எடுப்பது. வட்டமான சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்க்கலாம். பாம்பைக் கொக்கியால் பானையிலிருந்து தூக்கித் தரையில் விடுவார்கள். அது ஓட எத்தனிக்கும் நொடியில் தலையை மெதுவாக அழுத்தி, தாடை எலும்புக்குச் சற்றுப் பின்னால் விரல்களால் பிடிப்பார்கள். வாய் மூடிக் கட்டிய மெல்லிய சவ்வுள்ள கண்ணாடிக் குவளையின் மேல் வாயை வைத்ததும் பாம்பு தானே கடிக்கும். விஷப்பல் சவ்வைத் துளைத்து, விஷம் உள்பக்கம் வடியும். இருபுறமும் விஷப்பையை லேசாக வருடினால் மிச்சமும் இறங்கும்.

சொல்லும்போது எளிதாகத் தெரிகிற இதில் கைதவற இடம் நிறைய உண்டு. பல் குவளையின் விளிம்பில் பட்டால் ஒடியும். விரல் அழுத்தம் கூடினால் கழுத்தெலும்பு நசுங்கும், விஷப்பை உள்ளுக்குள் கன்றும். அப்போது இரத்தம் கலந்து வரும் விஷம் மருந்துக்கு ஆகாது. ஓர் இனத்தின் குவளையில் இன்னோர் இனத்தின் துளி விழுந்தாலும் அத்தனையும் வீண். பிடி தளர்ந்தாலோ கடி விழுவது பிடித்தவர் கையில். அதிலும் விரியனின் பல் நீளம், மடங்கி விரியக்கூடியது. வாயை மூடியிருக்கும்போதே தாடையைத் துளைத்து விரலைத் தொட்டுவிடும். நல்ல பாம்பைப் பிடிக்கிற பிடியால் கண்ணாடி விரியனைப் பிடிக்க முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பிடிக்கும்போது கைவிரல்கள் எங்கே நகர்கின்றன என்று கவனித்தால் பரம்பரைத் தொழில் என்பதன் பொருள் விளங்கும்.

கூட்டம் எப்போதும் கைதட்டுவது நல்ல பாம்புக்குத்தான். கூர்ந்து பார்க்க வேண்டியது கட்டு விரியனை. பகலில் அது மந்தமாக, தலையை உடலுக்கடியில் ஒளித்துக்கொண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் சாதுவான பாம்பு என்று நினைத்துவிடுவார்கள். அது இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும். கடிவாயில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் இந்த ஒரு பாம்பிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்பது நல்லது. சுருட்டை விரியன் சிறியதுதான், ஆனால் உடலை வளைத்துச் செதில்களை உரசி எழுப்பும் அரவத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் வயல்வரப்பில் காது தானே எச்சரிக்கும்.

குவளையில் சேர்ந்த விஷத்தை உறையவைத்து, காற்றழுத்தம் குறைத்து, நீரை வெளியேற்றிப் பொடியாக்குகிறார்கள். ஒளியும் ஈரமும் படாமல் குளிரில் வைத்தால் இந்தப் பொடி ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். மருந்து நிறுவனங்கள் இதை வாங்கிக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகின்றன. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு இனத்துக்கும் பொதுவானது. ஒரு மில்லிலிட்டர் மருந்து நல்ல பாம்பு விஷத்திலும் கண்ணாடி விரியன் விஷத்திலும் தலா 0.6 மில்லிகிராமையும், மற்ற இரண்டில் தலா 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது தர அளவு. ஒரு குப்பி 10 மில்லிலிட்டர். அதாவது கண்ணாடி விரியன் விஷம் 6 மில்லிகிராமுக்கு ஒரு குப்பி. அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் இறக்கும் என்று மருத்துவ நெறிமுறை கொள்கிறது. தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி ஏற்றுவது இந்தக் கணக்கினால்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்ற மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பானைகள் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது புரியும்.

காலியாகக் கிடக்கும் நாட்களும் உண்டு. அதற்குக் காரணம் தேட 1972க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்னர் இருளர் குடும்பங்கள் சாரையும் நல்ல பாம்பும் மலைப்பாம்பும் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தன. தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்தவர்கள் கொழித்தார்கள். கடப்பாரையும் கையுமாகப் புற்றுகளைத் தேடி அலைந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு நின்றது. பாம்புகளுக்கு அது நல்லது. சாரை குறைந்தால் வயலில் எலி பெருகும் என்பது உழுகிறவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் தடையோடு சேர்ந்து மாற்று வேலை எதுவும் வரவில்லை. ஏற்றுமதியாளர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்ள முடிந்தது, இருளருக்கு முடியவில்லை. 1978 இறுதியில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியில், இந்தச் சங்கம் பதிவானது. கொன்று தோல் உரித்த அதே திறனைக் கொல்லாமல் விஷம் எடுப்பதற்குத் திருப்பிவிடலாம் என்பதே அடிப்படை எண்ணம். சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. பிரிவு 9 வேட்டையைத் தடுக்கிறது. பிரிவு 12, உயிர்காக்கும் மருந்து செய்யப் பாம்பு விஷம் சேகரிப்பதற்குச் சிறப்பு அனுமதி தரலாம் என்கிறது. பண்ணை முழுவதும் அந்த ஒற்றைப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

வேறு வழி ஏதும் இருக்கிறதா என்றால், இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு நிலம், தேன், கிழங்கு, மேய்ச்சல் என்று பல உரிமைகளைத் தந்தது. வழக்கமாக அனுபவித்துவந்த பிற உரிமைகளையும் ஏற்றுக்கொண்ட அதே உட்பிரிவு, வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. உடும்பையோ முயலையோ அடித்தால் இன்று அது குற்றம். தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவந்தோம் என்பது வழக்கில் எடுபடாது. நாட்டில் வெளிப்படையான விதிவிலக்கு நிக்கோபார் தீவுகளுக்குத்தான்: அங்குள்ள பழங்குடிகளுக்கு 1967 அறிவிக்கையால் கிடைத்த வேட்டை உரிமையை 1972 சட்டத்தின் 65ஆம் பிரிவு அப்படியே விட்டுவைத்தது. அதே 1972இல் அமெரிக்காவில் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், அலாஸ்காக் கடற்கரைப் பழங்குடியினர் உணவுக்காகவும் கைவினைக்காகவும் கடல்நாய் போன்றவற்றை வீணடிக்காமல் வேட்டையாடலாம் என்று விலக்கு வைத்தது. அலாஸ்காவுக்கும் நிக்கோபாருக்கும் கிடைத்த இடம் செங்கல்பட்டுக்குக் கிடைக்கவில்லை.

வடநெம்மேலியின் நெருக்கடி இங்கேதான் தொடங்குகிறது. அனுமதி காலவரையறைக்கு உட்பட்டது. மீண்டும் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். எந்த இனத்தில் எத்தனை பாம்பு, எந்த மாவட்டத்தில் என்பதையும் அதுவே வரையறுக்கிறது. பழைய காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்ட எல்லைகளைத் தாண்டிப் பிடிக்க வழியில்லை. கோப்பு நகரத் தாமதமானால் பிடிக்கத் தோதான மாதங்கள் கைநழுவும். உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொண்டுவரும் பாம்புக்குத்தான் காசு. அதனால் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் நேராக அடுப்பில் தெரியும். மருந்து நிறுவனங்களின் கொள்முதல் குறைந்தாலும் இதே கதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். சங்க உறுப்பினர் முந்நூற்றுச் சொச்சம். இருளர் பிரச்சினைக்கு வடநெம்மேலி தீர்வு கண்டுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில் தவறில்லை. காட்டுப் பாம்பைப் பிடித்து மூன்று வாரம் வைத்து நான்கு முறை விஷம் எடுப்பது அதற்குச் சுமைதான். பிடித்த இடத்திலிருந்து வெகுதூரத்தில் விட்டால், தெரியாத நிலத்தில் அலைந்து சாலையில் அடிபட்டோ இரை கிடைக்காமலோ மடியும். பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவதும், செதில் அடையாளத்தோடு திரும்பச் சிக்கும் பாம்புகளைக் கணக்கில் எழுதுவதும் இதற்கு மருந்து. பாம்பு பிடிப்பவர்களே கணக்கெடுப்பவர்களாகவும் இருக்க முடியும் என்பது இந்த முறையின் பெரிய பலம். அந்தக் கணக்கின் அடிப்படையில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒரே அனுமதியாகக் கொடுத்து, ஆண்டு இறுதியில் எண்ணிக்கையை மட்டும் திருத்தினால் பாம்புக்கும் குறையில்லை, பிடிப்பவருக்கும் குறையில்லை. வரம்பை முடிவுசெய்யும் மேசையில் பாம்பு பிடிப்பவரும் உட்கார வேண்டும்.

இன்னொரு குறை மருந்தின் தரத்தைத் தொடுகிறது. இதைச் சங்கத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஒரே இனப் பாம்பானாலும் பகுதிக்குப் பகுதி விஷத்தின் சேர்மானம் மாறும். தமிழகத்துச் சுருட்டை சிறியது. ராஜஸ்தான் பாலையில் உள்ளது அளவிலும் பெரியது, விஷத்திலும் வேறுபட்டது. வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகம், வடமேற்கின் சிந்துக் கட்டு விரியன் ஆகியவை நான்கு இனக் கணக்கிலேயே இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, இப்போதைய மருந்து பல பகுதிப் பாம்புகளின் விஷத்தைப் போதிய அளவு முறிக்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு மாவட்டத்து விஷத்தை நாடு முழுவதற்கும் பயன்படுத்தினால் வேறு என்ன நடக்கும்? உலக சுகாதார நிறுவனமோ, நோயில்லை என்று உறுதிசெய்து நீண்டகாலம் பராமரிக்கும் பாம்புகளிலிருந்து, எந்தத் துளி எந்தப் பாம்பினுடையது என்று தடம்பிடிக்கும் வகையில் விஷம் எடுப்பதையே விரும்புகிறது. அந்தப் பக்கம் போவது தேவைதான். ஆனால் அது இருளரை வெளியே நிறுத்தும் ஆய்வகமாக முடியக் கூடாது. ராஜஸ்தானின் பாம்பாட்டிச் சமூகமான கால்பேலியர்களும் இதே சட்டத்தால் பாம்புத் தொழிலை இழந்தவர்கள். அவர்களுக்கும் பிரிவு 12இன் கீழ் இப்படி ஒரு சங்கம் அமைந்தால், அந்தப் பகுதிக்கான விஷமும் கிடைக்கும், அவர்கள் திறனும் அழியாது. வடநெம்மேலியில் நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்துகாட்டியிருக்கிறது. வேறிடத்தில் முடியாது என்பதற்குக் காரணம் இல்லை.

பார்வையாளராகப் போகிறவருக்குக் கிடைக்காமல் போவது ஒன்று உண்டு: வேட்டை. சுற்றுச்சுவருக்குள் நடப்பது அதன் கடைசிப் பகுதி மட்டுமே. புழுதியில் விழுந்த தடத்தைப் பார்த்து இனமும் போன திசையும் சொல்வது, வளை வாயில் சிலந்தி வலை பிரியாமல் இருந்தால் கடப்பாரையை வீணாக ஓங்காமல் நகர்வது, எச்சத்தையும் உரித்த சட்டையையும் கொண்டு எத்தனை நாளுக்கு முன் வந்தது என்று கணிப்பது, இவையெல்லாம் சுவருக்கு வெளியே வயல்வெளியில் இருக்கின்றன. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில், அந்நாட்டுக்குச் சொந்தமில்லாத பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற உயிரினங்களைத் தின்று தீர்த்தபோது, இருளர் பாம்பு பிடிப்பவர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே பாதுகாப்புக்காக மலைப்பாம்பைப் பிடித்த அதே கைகள், இங்கே அனுமதியில்லாமல் ஒரு சாரையைப் பிடித்தால் வழக்கு. காட்சியின்போது தடம் பார்ப்பதற்கென்று மணல் பரப்பிய ஓர் ஓரத்தை ஒதுக்கி, பாம்பை ஊரவிட்டுத் தடத்தைப் படித்துக்காட்டினால், இருளரின் அறிவு எங்கே இருக்கிறது என்பது வருகிறவர்களுக்குப் புரியும். பெரிய செலவும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறி முதலைப் பண்ணை நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பாம்புப் பண்ணைக்குத் தனிச் சீட்டு. அந்த வருமானம் சங்கத்துக்குப் போகிறது, ஆகவே அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். கிளம்புமுன் அன்று விஷம் எடுத்துக் காட்டுகிறார்களா என்று விசாரித்துவிடுங்கள்; அனுமதி புதுப்பிக்காத இடைவெளியில் பாம்புகள் குறைவாகவே இருக்கும். சுவரில் சாய்ந்து கையை உள்ளே நீட்டுவதும், காலால் தட்டுவதும் கூடாது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வு அதைச் சட்டென்று எட்டும், மிரளும், பிடித்திருப்பவர் கைக்குத்தான் ஆபத்து. அதே காரணத்தால் முகத்துக்கு நேரே ஒளி அடிக்கும் படமும் வேண்டாம்.

பிள்ளைகளோடு போனால் திரும்பும் வழியிலேயே இதையும் சொல்லிக்கொடுங்கள். கடிபட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்தால் வைப்பது போலப் பலகை வைத்து அசையாமல் கட்டி, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே விஷமுறிவு மருந்து இலவசம். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை, மருந்து நான்கு இனத்துக்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய்; தனியார் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்தப் பாம்பு அதிகம் கடிக்கிறது என்ற கணக்கு இதனால் சேரத் தொடங்கும். அந்தக் கணக்கு கைக்கு வந்ததும் முதல் வேலையாக, எந்தெந்த மாவட்டத்தில் பிடிக்கலாம் என்ற பட்டியலை விரிவாக்க வேண்டும். கடி அதிகமுள்ள மாவட்டத்தின் பாம்பிலிருந்தே மருந்துக்கான விஷம் எடுக்க முடியும்போது, அதைத் தேடிப் பிடிக்க அந்தந்த ஊர் இருளரே இருக்கிறார்கள்.